போகியன்று மாற்றிய தண்ணீர்: வேளச்சேரி மீன் தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில், நான்கு ஆண்டுகளாக நல்ல நிலையில் இருந்துவந்த மூன்றடி நீள மீன் தொட்டி ஒன்றில், போகிப் பண்டிகையன்று காலை 9 மணியளவில் ஏறத்தாழ 70 விழுக்காடு தண்ணீர் இறைக்கப்பட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பப்பட்டது. மாலை 5 மணிக்குள் அதில் இருந்த 22 மீன்களில் 11 இறந்துவிட்டன. மறுநாள் விடிவதற்குள் மேலும் இரண்டு இறந்தன. தொட்டியின் உரிமையாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. என் பக்கத்து வீட்டுக்காரர். வண்ண மீன் வளர்ப்பில் எனக்குச் சில ஆண்டுப் பழக்கம் உண்டு என்பதால் அன்று மாலை என்னை அழைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சொன்ன முதல் வாக்கியம், "தம்பி, போர் தண்ணீர்ல என்னமோ விஷம் இருக்கு" என்பதாகும். அந்தத் தண்ணீரில் விஷம் ஏதும் இல்லை என்பதும், விஷம் ஒன்பது மாதங்களாகத் தொட்டிக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தது என்பதும் அடுத்த சில நாள்களில் செய்த அளவீடுகளில் தெளிவாயின.

தொட்டியும் அதன் வரலாறும்

தொட்டியின் அளவு 36க்கு 15க்கு 18 அங்குலம். கணக்குப்படி 160 லிட்டர் கொள்ளும் எனினும், அடியில் பரப்பிய கூழாங்கல்லையும் மேலே விட்டிருந்த இடைவெளியையும் கழித்தால் உள்ளே இருந்த தண்ணீர் 130 லிட்டர்தான். ஐந்து ஏஞ்சல், பன்னிரண்டு கறுப்பு விடோ டெட்ரா, நான்கு கௌராமி, கடைக்காரர்கள் 'சக்கர்' என்று விற்கும் கவச உடல் கெளுத்தி ஒன்று ஆகியவை அதில் வளர்ந்தன. வடிகட்டுதலுக்கு ஸ்பாஞ்ச் பொருத்திய உள் ஃபில்டர் ஒன்றும், அதனுடன் ஓர் ஏர் பம்ப்பும் இருந்தன. மீன்கள் அனைத்தும் கொளத்தூரில் வாங்கப்பட்டவை. சென்னையில் வண்ண மீன் வாங்குவோர் பெரும்பாலோர் போய்ச் சேரும் இடம் அதுதான்.

முதல் மூன்று ஆண்டுகள் மெட்ரோ தண்ணீரும், அது வராத நாள்களில் குடியிருப்பின் போர் தண்ணீரும் தொட்டிக்குச் சென்றன. போர் தண்ணீர் கடினமானது. கண்ணாடியில் நீர்மட்டம் நிற்கும் இடத்தில் வெள்ளைப் படிவு கட்டும், எத்தனை முறை துடைத்தாலும் மறுவாரம் வந்துவிடும். இதைக் கடையில் சொன்னபோது, வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது அல்லவா, அந்தத் தண்ணீரையே ஊற்றுங்கள், ஏஞ்சலும் டெட்ராவும் மென்னீர் மீன்கள்தாம் என்று யோசனை கூறியிருக்கிறார்கள். யோசனையின் பின்பாதி உண்மை. அமேசான் வடிநிலத்திலிருந்து வந்த ஏஞ்சல் இயற்கையில் மென்மையான, சற்று அமிலத்தன்மை கொண்ட நீரில் வாழ்வதுதான். அதனால் போகிக்கு முந்தைய ஏப்ரல் முதல் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே ஊற்றப்பட்டது. தொடக்கத்தில் வாரத்துக்கு 20 லிட்டர் மாற்றினார். வெள்ளைப் படிவு மறைந்து தண்ணீர் பளிங்குபோல் ஆனபின், மாற்ற வேண்டிய தேவை இல்லையென்று கருதி, ஆவியாகிக் குறைந்த அளவை மட்டும் நிரப்பத் தொடங்கினார். ஆகஸ்டில் அந்தத் தொட்டியைப் பார்த்த நானும் அதன் தெளிவைப் பாராட்டினேன் என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

பின்னோக்கிப் பார்க்கையில் மூன்று அறிகுறிகள் இருந்தன. செடிகளோடு வந்து பெருகியிருந்த சிறு நத்தைகள் அக்டோபர் வாக்கில் அறவே காணாமல் போயின. எஞ்சிய ஓடுகள் வெளுத்து, குழி விழுந்து, விரலால் அழுத்தினால் நொறுங்கின. அவருக்கு அது தொல்லை ஒழிந்த மகிழ்ச்சி. இரண்டாவதாக, அந்த ஒன்பது மாதங்களில் மூன்று முறை புதிதாக வாங்கி விட்ட மீன்கள் இரண்டு நாள் தாண்டவில்லை, பழைய மீன்களோ நன்றாக இருந்தன. கடை மீன் சரியில்லை என்று முடிவு கட்டப்பட்டது. மூன்றாவதாக, ஃபில்டர் ஸ்பாஞ்ச் முன்போல் அழுக்குப் பிடிக்கவில்லை.

போகியன்று வீடு முழுவதும் துப்புரவு நடந்தபோது தொட்டியும் பட்டியலில் சேர்ந்தது. 90 லிட்டர் தண்ணீரை ஆர்.ஓ. இயந்திரம் கொடுக்க நாள் முழுவதும் ஆகும் என்பதால், குழாயில் வந்த போர் தண்ணீர் நேரடியாக நிரப்பப்பட்டது. கூழாங்கல் கிளறப்பட்டது, ஸ்பாஞ்ச் குழாயடியில் பிழிந்து அலசப்பட்டது. 11 மணிக்கு வேலை முடிந்தபோது மீன்கள் சற்று மிரண்டிருந்தனவே தவிர வேறு குறையில்லை. 1 மணிக்கு டெட்ராக்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து மூச்சு வாங்கின. 3 மணிக்கு முதல் மீன் மிதந்தது.

அன்று மாலைய அளவீடுகள்

நான் கையோடு கொண்டுபோன சொட்டு முறை டெஸ்ட் கிட்டில் முதலில் பார்த்தது குளோரினை. அது வீண் வேலை. போர் தண்ணீரில் குளோரின் எங்கிருந்து வரும்? பழக்கம் காரணமாக அதில் பத்து நிமிடம் போயிற்று. ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருந்ததால் உயிர்வளிக் குறைவு முதன்மைக் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. வெப்பநிலை 26 பாகை. வாளியும் குழாயும் தொட்டிக்கென்றே வைத்திருந்தவை என்பதால் சோப்புக் கலப்பும் விலக்கப்பட்டது. எஞ்சியது அம்மோனியா. தொட்டி நீரில் மொத்த அம்மோனியா லிட்டருக்கு 4 மி.கி. என்றும், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 8.2 என்றும் வந்தன.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு, முக்கால் பங்கு தண்ணீர் மாற்றிய ஒரே நாளில் இவ்வளவு அம்மோனியா எப்படி வந்தது என்று நான் குழம்பியிருப்பேன். நல்லவேளையாக, தொட்டியில் இறைத்த பழைய தண்ணீரைப் பால்கனிச் செடிகளுக்கு ஊற்றும் வழக்கம் அவருக்கு உண்டு. அன்று இறைத்ததில் ஒரு வாளி ஊற்றப்படாமல் மிஞ்சியிருந்தது. அந்த வாளிதான் இந்த ஆய்வின் முழு ஆதாரம். அதன் பி.எச். கிட்டின் கடைசி நிறமான 6.0ஐத் தொட்டது, உண்மையான அளவு அதற்கும் கீழே இருந்திருக்கலாம். மொத்த அம்மோனியா கிட்டின் உச்ச நிறமான 8ஐத் தாண்டியதால், ஒரு பங்கு நீருடன் இரண்டு பங்கு ஆர்.ஓ. நீரைக் கலந்து மீண்டும் சோதித்தேன். 4 என்று வந்தது, ஆகவே உண்மை அளவு 12. நைட்ரைட் இல்லை. நைட்ரேட் 80. கார்பனேட் கடினத்தன்மை, அதாவது பி.எச். சரியாமல் தாங்கும் காரத்தன்மையைக் காட்ட மீன் வளர்ப்போர் கே.எச். என்று சொல்லும் அளவு, ஒரு சொட்டிலேயே நிறம் மாறி 1 பாகைக்கும் குறைவு என்று காட்டியது. புதிதாக நிரப்பிய போர் தண்ணீரின் கே.எச். 16 பாகை, குழாயிலிருந்து பிடித்த உடனே பி.எச். 7.4, ஒரு பாத்திரத்தில் ஊற்றி இரவு முழுவதும் காற்றுக் குமிழி விட்டு மறுநாள் பார்த்தபோது 8.2. கரைந்த உப்புகளின் மொத்தமான டி.டி.எஸ். அளவு வாளி நீரில் 210, போர் தண்ணீரில் 1150.

12 மி.கி. அம்மோனியாவில் மீன்கள் எப்படி உயிரோடு இருந்தன

மீனின் செவுள் வழியே வெளியேறும் அம்மோனியா தண்ணீரில் இரு வடிவங்களில் இருக்கிறது. மின்னேற்றம் இல்லாத தனி அம்மோனியா செவுளை எளிதில் ஊடுருவி இரத்தத்தில் கலக்கும் நஞ்சு. அம்மோனியம் அயனியோ அந்த அளவுக்கு ஊடுருவாது. இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதைப் பி.எச். அளவும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. கடையில் கிடைக்கும் கிட் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் காட்டும், ஆகவே அந்த எண்ணைப் பி.எச். இல்லாமல் படிப்பதில் பொருளில்லை. 26 பாகை வெப்பத்தில் பி.எச். 6.0 ஆக இருக்கும்போது மொத்தத்தில் 0.06 விழுக்காடு மட்டுமே நச்சு வடிவம், 7.4இல் 1.5 விழுக்காடு, 8.2இல் ஏறத்தாழ 9 விழுக்காடு. போகிக்கு முந்தைய நாள் தொட்டியில் இருந்த 12 மி.கி. மொத்த அம்மோனியாவில் நஞ்சு லிட்டருக்கு 0.007 மி.கி. மட்டுமே, மீன்கள் அதில் வாழ்ந்தன. அன்று மாலை மொத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து 4 மி.கி. ஆகியிருந்தது, ஆனால் நஞ்சு 0.35 மி.கி. ஆக, அதாவது கிட்டத்தட்ட 50 மடங்காக உயர்ந்திருந்தது. 0.05 மி.கி. அளவிலேயே செவுள் பாதிப்பு தொடங்கக்கூடும் என்பது மீன் வளர்ப்பில் பரவலாக வைத்துக்கொள்ளும் எச்சரிக்கை வரம்பு.

காலை 11 மணிக்கு நலமாக இருந்த மீன்கள் 1 மணிக்கு மேல் ஏன் துடித்தன என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. நிலத்தடியிலிருந்து வரும் போர் தண்ணீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். அது இருக்கும்வரை பி.எச். தாழ்ந்தே நிற்கும். தொட்டியில் ஏர் பம்ப் கிளப்பும் குமிழிகள் அந்த வாயுவை வெளியேற்ற வெளியேற்ற, பி.எச். 7.4இலிருந்து மெல்ல 8.2 வரை ஏறியது, அதனுடன் நஞ்சின் பங்கும் ஆறு மடங்காயிற்று. மீன்கள் மூச்சுத் திணறுவதைக் கண்டு அவர் பம்ப்பின் வேகத்தைக் கூட்டியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இறப்புக்கு அம்மோனியா மட்டுமே காரணம் என்று நான் எழுதமாட்டேன். ஒரே காலையில் பி.எச். இரண்டு அலகு உயர்ந்ததும், டி.டி.எஸ். 210இலிருந்து 870 அளவுக்குத் தாவியதும் தம்மளவிலேயே மீனின் உப்புச் சமநிலையைக் குலைக்கக்கூடியவை. இம்மூன்றையும் பிரித்து அறிவதற்கு என்னிடம் வழியில்லை. எனினும் செவுள்கள் செந்நிறமாக வீங்கியிருந்ததும், நேரம் செல்லச் செல்ல நிலை மோசமானதும் அம்மோனியாவையே முதலில் சுட்டுகின்றன.

கே.எச். எங்கே போயிற்று

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்கின்றன. இந்த வேலைக்கு அவை காரத்தன்மையைச் செலவழிக்கின்றன: அம்மோனியாவிலுள்ள நைட்ரஜன் 1 மி.கி. மாற்றப்பட்டால், கால்சியம் கார்பனேட் அளவில் சொன்னால் 7.14 மி.கி. காரத்தன்மை தீர்ந்துபோகும். 40 விழுக்காடு புரதமுள்ள மீன் உணவு ஒரு கிராமில் 64 மி.கி. நைட்ரஜன் இருக்கிறது. அதில் பாதியே அம்மோனியாவாக வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அதை மாற்ற 228 மி.கி. காரத்தன்மை வேண்டும். கே.எச். 1 பாகை என்பது லிட்டருக்கு 17.9 மி.கி.; 130 லிட்டருக்கு மொத்தம் 2300 மி.கி. சொச்சம். ஆக, நாளொன்றுக்கு ஒரு கிராம் உணவு போடும் வீட்டில் ஒரு பாகை கே.எச். பத்தே நாளில் காலியாகிவிடும். கடினமான போர் தண்ணீர் வாராவாரம் வந்துகொண்டிருந்தவரை இந்தச் செலவு தெரியவில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் ஈடுசெய்ய ஒன்றுமில்லை என்பதால் இருப்பு கரைந்து, பி.எச். சரிந்தது. பி.எச். 6.5க்குக் கீழே இந்த நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகும், 6 அளவில் ஏறக்குறைய நின்றுவிடும். நைட்ரைட் சிறிதும் இல்லாமல் அம்மோனியா மட்டும் 12 மி.கி. சேர்ந்திருந்தது இதனால்தான்: முதல் படியே நின்றுபோயிருந்தது. ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசியதைப் பலரும் குற்றமாகச் சொல்வார்கள். இந்தத் தொட்டியில் அலசிப் போக்குவதற்கு உயிருள்ளதாக அதிகம் எதுவும் இருந்திருக்காது.

இந்த நிலையைப் பழைய தொட்டி நோய் என்ற பெயரில் மீன் வளர்ப்போர் அறிவார்கள். அதன் வஞ்சகம் என்னவென்றால், அமிலத்தன்மை ஃபில்டரை முடக்குகிறது, அதே அமிலத்தன்மை அம்மோனியாவின் நஞ்சை மறைத்தும் வைக்கிறது. மெல்ல மெல்லப் பழகிய பழைய மீன்கள் தாக்குப்பிடிக்கும். கொளத்தூரின் காரத் தண்ணீரிலிருந்து நேராக வந்து இறங்கிய புது மீன்கள் இரண்டு நாளில் மாண்டன. கடைக்காரர் மீது சுமத்தப்பட்ட பழி அவருக்கு உரியதன்று. நத்தையின் ஓடு சுண்ணாம்பு. அமில நீரில் அது கரைந்ததும் அதே கதைதான்.

இதில் டி.டி.எஸ். பேனாவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருபவர் கையில் இருக்கும் அந்தக் கருவி, எண் குறைந்தால் தண்ணீர் நல்லது என்ற எண்ணத்தை நகரத்து வீடுகளில் வேரூன்றச் செய்திருக்கிறது. அது கரைந்த உப்புகளின் மொத்தத்தை மின்கடத்தல் வழியே மதிப்பிடுகிறது. அந்த உப்பு பைகார்பனேட்டா, சாதாரண உப்பா, அம்மோனியமா என்று அதற்குத் தெரியாது. அவர் மாதந்தோறும் அந்தப் பேனாவைத் தொட்டியில் முக்கிப் பார்த்து, 200 என்ற எண்ணைக் கண்டு நிம்மதியடைந்திருக்கிறார்.

மேற்கொண்ட சிகிச்சை

உடனடியாகத் தோன்றும் இரு வழிகளை வேண்டாம் என்று முடிவு செய்தோம். எலுமிச்சைச் சாறோ, பி.எச். குறைக்கும் மருந்தோ ஊற்றுவது, கே.எச். 11 பாகை இருக்கும் நீரில் சற்று நேரம் பி.எச். அளவைத் தாழ்த்திவிட்டு மீண்டும் ஏறவிடும். மீன்களுக்கு அது இன்னுமொரு ஊசலாட்டம். மீண்டும் ஆர்.ஓ. நீரை நிரப்புவது டி.டி.எஸ். அளவை எதிர்த்திசையில் தாவச் செய்யும். ஆகவே அவர் விஷம் என்று நம்பிய அதே போர் தண்ணீரையே, 40 லிட்டர் வீதம், இரண்டு மணி நேர இடைவெளியில் மூன்று முறை மாற்றினோம். முதல் முறை அவரை இணங்கவைக்க வாளி நீரின் சோதனைக் குழாயையும் குழாய் நீரின் சோதனைக் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்ட வேண்டியிருந்தது. ஒன்று கரும்பச்சை, மற்றது மஞ்சள். நள்ளிரவில் மொத்த அம்மோனியா 1 மி.கி. ஆக இறங்கியது. மூன்று நாள்கள் உணவு நிறுத்தப்பட்டது. ஏற்கனவே பழகிய மீனுக்கு மூன்று நாள் பட்டினி ஒரு பொருட்டல்ல.

ஃபில்டரை உயிர்ப்பிக்க, என் வீட்டுத் தொட்டியில் ஓராண்டாக ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி அதில் வைத்தோம். பாட்டிலில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசலை நான் தவிர்த்ததற்குக் காரணம் விலை மட்டுமன்று. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நெடுங்காலம் நம்பப்பட்டதுபோல் நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா வகையே என்று ஆய்வாளர் டிமதி ஹோவனெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998இல் காட்டினார்கள்; அதன்பிறகும் பழைய பெயரைத் தாங்கிய பாட்டில்கள் கடைகளில் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் ஸ்பாஞ்சிலோ தேவையான உயிர்கள் எவையோ அவை ஏற்கனவே இருக்கின்றன. நோயற்ற தொட்டியிலிருந்து எடுக்கப்பட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

ஆறாம் நாள் நைட்ரைட் 0.5 மி.கி. என்றும், பத்தாம் நாள் 1 மி.கி. என்றும் வந்தது. நைட்ரைட் மீனின் இரத்தத்தில் உயிர்வளி சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். தண்ணீரில் குளோரைடு இருந்தால் செவுள் வழியே நைட்ரைட் நுழைவது குறையும் என்பதால் வழக்கமாகச் சிறிது கல் உப்பு சேர்ப்பார்கள். வேளச்சேரிப் போர் தண்ணீர் நாக்கிலேயே கரிக்கும். அந்தக் குடியிருப்பில் எல்லோரும் நொந்துகொள்ளும் அந்த உவர்ப்பு இருந்ததால் உப்பு சேர்க்காமலே விட்டோம். பதினேழாம் நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லாமல் போயின. இரண்டு ஏஞ்சல், இரண்டு டெட்ரா, நான்கு கௌராமி, சக்கர் ஆகிய ஒன்பதும் தப்பின. சக்கர் மீனை இனி வைத்துக்கொள்ள முடியாது, ஏரியில் விட்டுவிடலாமா என்று அவர் ஒருமுறை கேட்டார். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கனவே பரவி, வலைகளைக் கிழித்து, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துவரும் இனம் அது என்பதைச் சொல்லித் தடுத்தேன்.

இப்போதைய பராமரிப்பு

ஏஞ்சலுக்கும் டெட்ராவுக்கும் 16 பாகை கே.எச். தேவையில்லை, ஆனால் பூச்சியத்தில் ஃபில்டர் வேலை செய்யாது. ஒரு பங்கு போர் தண்ணீருடன் மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் கே.எச். 4 பாகை, டி.டி.எஸ். 320 அளவில் கிடைக்கிறது. ஞாயிறுதோறும் இந்தக் கலவை 30 லிட்டர் மாற்றப்படுகிறது. முதல் நாளே பெரிய வாளியில் கலந்து காற்றுக் குமிழி விட்டு வைப்பதால் பி.எச். நிலைத்த பிறகே தொட்டிக்குப் போகிறது. ஏழு வாரங்களில் தொட்டியின் கே.எச். 14இலிருந்து 6க்குப் படிப்படியாக இறங்கியது. மீன்கள் அதை உணர்ந்ததாகவே தெரியவில்லை. ஸ்பாஞ்ச் இப்போது இறைத்த தொட்டி நீரிலேயே இரண்டு முறை பிழியப்படுகிறது.

போர் தண்ணீர் கிடைக்காத வீட்டில், மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ மட்டும் நம்பியிருப்பவருக்கு ஆப்ப சோடா போதும்: 100 லிட்டருக்கு 3 கிராம் சேர்த்தால் கே.எச். ஒரு பாகை கூடும். ஒரே நாளில் ஒரு பாகைக்கு மேல் கூட்டக் கூடாது. குறிப்பாக, அம்மோனியாவைச் சோதிக்காமல் கூட்டவே கூடாது, பி.எச். 6இல் கிடக்கும் பழைய தொட்டியில் சோடாவைப் போடுவது போகியன்று இங்கே நடந்ததையே வேறு வழியில் செய்வதாகும். அப்படிப்பட்ட தொட்டியை மீட்க வேண்டுமானால், முதலில் அதே மென்னீரால் சிறுகச் சிறுக, நாளுக்குப் பத்து விழுக்காடாக மாற்றி அம்மோனியாவைக் குறைத்துவிட்டு, பிறகே கே.எச். அளவைத் தொட வேண்டும். அன்று காலை அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் இதைச் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். வாளி நீரைச் சோதிக்கும்வரை எனக்கும் அந்தத் தொட்டியின் கே.எச். தெரியாது, நல்லது, மாற்றுங்கள் சார் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சமையலறைத் தினசரி நாள்காட்டியின் தாள்களில் அவர் ஞாயிறுதோறும் நான்கு எண்களைக் குறித்துவைக்கிறார். ஜூன் மாத இறுதித் தாளில் கே.எச். 5, பி.எச். 7.4, அம்மோனியா 0, நைட்ரேட் 20 என்று இருந்தது. மார்ச்சில் வாங்கிய ஆறு டெட்ராக்களும் உயிரோடு இருக்கின்றன. புதுச் செடியோடு வந்த நத்தைகள் பழுப்பு ஓட்டுடன் கண்ணாடி முழுவதும் பெருகிவிட்டன. அவற்றை ஒழிக்க என்ன மருந்து போடலாம் என்று சென்ற வாரமும் என்னிடம் கேட்டார்.